ரெண்டாவதுதான் நல்லா இருக்கு

புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே வாசலில் இன்னொரு ஜோடி செருப்பு கிடப்பதைப் பார்த்தாள். குதிகால் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்த செருப்பு. வால்வு வந்திருக்கிறான். வால்வு வந்தால் பெட்டி வரும், பெட்டி வந்தால் அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தூக்கம் போச்சு. பகல் முழுக்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆவி இஸ்திரி மிஷின் முன்னால் நின்றுவிட்டு வந்தவளுக்கு, அந்தச் செருப்பைக் கண்டதும் இடுப்பு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வலித்தது.

கூடத்தில் அவள் வீட்டுக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே வால்வு. நடுவில், பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு பெட்டி. வால்வுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று இந்த நாள் வரைக்கும் அவளுக்குத் தெரியாது. பழைய ஆடியோ சாமான்களை வாங்கித் துடைத்துக் கைமாற்றி விடுகிற ஆள். எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்துக்குள், அந்தக் காலத்து ரேடியோவுக்குள் கண்ணாடிக் குழாய் மாதிரி எரியுமே, அந்த வால்வில் வந்து நிற்பான். அதனால் அந்தப் பெயர்.

“வாங்க அண்ணி. ரொம்பக் களைச்சுப் போய் வர்றீங்க போல. அண்ணனுக்கு ஒரு நல்லது பண்ணலாம்னு வந்தேன்.”

“நீ பண்ற நல்லதுக்கெல்லாம் நான்தான்ப்பா வீட்ல இடம் ஒதுக்க வேண்டியிருக்கு. போன தடவை கொண்டாந்து வச்சியே, கறுப்பா ஒண்ணு. அது மேல தூசி தட்டறதே எனக்கு ஒரு வேலை.”

“அது பவர் ஆம்ப் அண்ணி. இது ப்ரீ ஆம்ப். அளவுல சின்னதுதான்.”

பெயர்கள் அவளுக்கு அத்துப்படி. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இதே பேச்சுதானே. சிடி ஓடுகிற பெட்டி ஒன்று. ஸ்பீக்கரை முழங்க வைக்கிற பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைத்து அனுப்பி வைக்கிறது இந்த ப்ரீ ஆம்ப். நடுவில் உட்கார்ந்திருக்கிறவன் சரியில்லை என்றால் இரண்டு பக்கமும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தும் பிரயோஜனமில்லை என்று அவர் சொல்வார். அவளுக்கு அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் நாத்தனார் ஞாபகம்தான் வரும்.

“இருக்கறதுக்கு என்ன கேடு? நல்லாத்தானே பாடுது?” என்றாள், உள்ளே போய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே.

“மங்கிப் போச்சும்மா,” என்றார் அவர். “முன்ன மாதிரி இல்ல. மேல ஒரு போர்வையப் போட்டு மூடினாப்ல இருக்கு. தாளம் தட்டறது, வயலின்ல மேல போற எடமெல்லாம் எங்கயோ போயிடுச்சு. அதுக்கும் வயசாகுதில்ல.”

வால்வு பிடித்துக்கொண்டான். “அதேதான் அண்ணே. பழசு நல்ல பீஸ்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா இது வால்வு. இதுல குரல் வந்து முன்னாடி நிக்கும் பாருங்க. வச்சுக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஒரு போன் போடுங்க. வேணும்னா பழச நான் எடுத்துக்கறேன், மீதிப் பணத்த மெதுவாப் பேசிக்கலாம். வேணாம்னா பெட்டிய எடுத்துட்டுப் போயிடறேன். அண்ணியும் கேக்கட்டும். இந்த வீட்ல அண்ணி காதுதானே கடைசித் தீர்ப்பு.”

அடுப்படியில் நின்றவளுக்குச் சுருக்கென்றது. டீத்தூளை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுவிட்டாள்.

தீர்ப்பு என்று வால்வு சொன்னது சும்மா இல்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம். புதிதாக எது வந்தாலும், ஒரு முழ வயராகவே இருந்தாலும், அவளை நடு நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணைத் துண்டால் கட்டிவிடுவார். ஒரே பாட்டை இரண்டு தடவை போடுவார். பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று. எது நல்லா இருக்கிறது, ஒன்றா இரண்டா என்று அவள் சொல்ல வேண்டும். தன் காதுக்கு ஆசை இருக்கும், அவள் காதுக்கு ஆசை கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது என்பது அவர் கணக்கு.

பாவம், மனுஷனுக்குப் பெட்டிகளைத் தெரிந்த அளவுக்குப் பெண்டாட்டியைத் தெரியவில்லை. எப்போதும் பழையதை முதலில் போடுவார், புதியதை இரண்டாவதாகப் போடுவார். இதைக் கண்டுபிடிக்கக் காது எதற்கு? இரண்டாவது பாட்டு முடிந்ததும் கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, “ரெண்டாவதுதான் நல்லா இருக்கு” என்பாள். கூடவே அவர் வாயிலிருந்தே பொறுக்கின வார்த்தை ஒன்றைச் சேர்த்துக்கொள்வாள். ‘கொஞ்சம் தொறந்தாப்ல இருக்கு’ என்பாள். ‘குரல் தனியா நிக்குது’ என்பாள். பாட்டு ஓடும்போது அவள் மனசில் நாளைக்கு எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு என்பது ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தடவை கண்கட்டுக்குள்ளேயே அசந்து தூங்கிவிட்டாள். பாட்டு நின்ற அமைதியில் விழித்து, ரெண்டாவது என்றாள். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

அதெல்லாம் சின்னப் பொய். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். இந்தத் தடவைதான் அவளுக்கு நெஞ்சு கனத்தது. மங்கினது பெட்டி இல்லை, அவர் காது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, மூணு விசில் வந்ததும் நிறுத்திடுங்க என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே கருகல் வாடை. அவர் அடுப்படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “விசிலே வரலியே” என்றார். அதற்கப்புறம் அவள் ஒவ்வொன்றாகக் கவனிக்க ஆரம்பித்தாள். கட்டிக்கொடுத்த மகள் போன் அடித்தால் அவர் எடுப்பதில்லை. பக்கத்திலேயே போன் கதறிக்கொண்டிருக்கும். எடுத்தால், அந்தப் பக்கம் பேசுவது கூடம் முழுக்கக் கேட்கிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார். பெண்கள் பேசினால் “என்ன, என்ன” என்பார், ஆண்கள் பேசினால் சரியாகப் பதில் சொல்வார்.

வேறு யாராவது என்றால், ஏங்க, காது மந்தமாயிடுச்சு, டாக்டரைப் பாருங்க என்று போகிற போக்கில் சொல்லிவிடலாம். இவரிடம் எப்படிச் சொல்வது? நூற்பாலையில் பராமரிப்பு வேலை அவருக்கு. ஆலையே அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற மிஷின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, உள்ளே எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்க்கச் சொன்னால், “அப்புறம் மிஷின் பேசறது எனக்கு எப்படிக் கேக்கும்?” என்பார். முப்பது வருஷமாக அந்த இரைச்சலை வெறும் காதால் குடித்தாயிற்று. வீட்டுக்கு வந்தால் பாட்டு. காதை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை சலவைக்கூடத்தில் ஜோடிக்காரியிடம் சொன்னாள். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். இவள் பிடிக்கிற விரிப்பின் மறுமுனையை வருஷக்கணக்காகப் பிடிக்கிறவள் அவள்தான். உலர்த்துகிற மிஷின் போடுகிற இரைச்சலில் தள்ளி நின்று பேசினால் ஒன்றும் கேட்காது. விரிப்பை இழுத்து உதறி, மூலையோடு மூலை சேர்க்க நெருங்கி வரும்போதுதான் பேச முடியும். அதனால் அங்கே எந்தக் கதையும் துண்டு துண்டாகத்தான் நடக்கும்.

“அப்போ சொல்லிட வேண்டியதுதானே அக்கா,” என்று ஜோடிக்காரி மூலையைக் கொடுத்தாள். இருவரும் விலகிப் போய் அடுத்த விரிப்பை எடுத்து உதறினார்கள்.

“சொன்னா இடிஞ்சு போயிடுவார்டி,” என்றாள் இவள், நெருங்கி வந்ததும்.

உதறினார்கள். ஈரச்சூடு முகத்தில் அடித்தது.

“சொல்லலைன்னா?”

“அந்தப் பெட்டிய வாங்குவாரு. ரெண்டு மாசம் நல்லா இருக்குன்னு தன்னையே ஏமாத்திக்குவாரு. அப்புறம் அதுவும் மங்கிப் போச்சுன்னு இன்னொண்ணு.”

“ரெண்டாவது மாடில காது டெஸ்ட் பண்ற பொண்ணு இருக்குல்ல, நல்ல பொண்ணு. கூட்டிட்டு வாங்க. சின்னதா ஒரு மெஷின் மாட்டி விட்டுட்டா எல்லாம் கேக்குமாம்.”

“அவரக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணுமில்ல. அந்த ஒண்ணுதான் வாயில வர மாட்டேங்குது.”

ஜோடிக்காரி அடுத்த விரிப்பை எடுக்கவில்லை. “அக்கா, நீங்க அவரு இடிஞ்சு போவாருன்னு பயப்படறீங்களா, இல்ல நீங்க இத்தனை நாளும் சொன்ன பொய்யெல்லாம் வெளிய வந்துடும்னு பயப்படறீங்களா?” என்று கேட்டாள். இவளுக்குக் கோபம் வந்தது. விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். அன்றைக்கு மீதி விரிப்புகளைப் பேசாமலேயே மடித்தார்கள்.

சனிக்கிழமை அவர் ஆலையிலிருந்து நேரம் கழித்து வந்தார். கைகழுவாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். ரொட்டியும் முட்டையும் வைத்துக் கூப்பிட்டதற்கு, அப்புறம் என்றார்.

“என்னாச்சுங்க?”

“ஒரு மிஷின் பிடிச்சுக்கிச்சு. பேரிங் சுட்டுப் போயி ஷாஃப்ட்டோட ஒட்டிக்கிச்சு. முந்தாநாள்தான் நான் காது வச்சுப் பாத்தேன். நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“மேனேஜர் திட்டினாரா?”

“திட்டியிருந்தா தேவலை. தோள்ல தட்டிட்டுப் போனாரு.” கொஞ்ச நேரம் கழித்து, “கிரீஸ் சரியில்ல, இப்ப வர்ற கிரீஸே மட்டம்,” என்றார். அவளும் ஆமாம், எல்லாமே மட்டமாத்தான் வருது என்றாள். சொல்லிவிட்டு, இதோ இன்னொரு பொய் என்று நினைத்துக்கொண்டாள். நாளைக்குச் சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தாள். கண்கட்டை அவிழ்த்ததும், எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, குறை பெட்டில இல்லங்க என்று ஆரம்பித்துவிடுவது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் ஜன்னல்களைச் சாத்தினார். வெயிலின் புழுக்கம் கூடத்தில் அப்படியே தங்கிவிட்டது. அவள் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் துண்டை நான்காக மடித்து அவள் கண்ணில் கட்டினார். முடிச்சு தலைமுடியை இழுக்காமல் பார்த்துக் கட்டுவார், அந்தப் பக்குவம் எப்போதும் உண்டு.

“ஒண்ணு,” என்றார். பாட்டு வந்தது. எப்போதும் போடுகிற பாட்டுதான், ஒரு பெண் பாடுகிற பாட்டு. முடிந்தது. அப்புறம் பின்னாலிருந்து வயரைப் பிடுங்குகிற சத்தம், தள்ளி வைக்கிற சத்தம், மறுபடி செருகுகிற சத்தம். அவருக்கு மூச்சு வாங்கியது. “ரெண்டு,” என்றார். அதே பாட்டு. அவள் மனசுக்குள் தான் சொல்லப்போகிற வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

பாட்டு நின்றது. “சொல்லு,” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என்ன இருந்ததோ, அவளால் முடியவில்லை. நேற்று தோளில் தட்டிவிட்டுப் போனானே அந்த மேனேஜர், அவனை நினைத்தாள். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

“ரெண்டாவதுதான் நல்லா இருக்கு. போர்வைய எடுத்துட்டாப்ல இருக்கு.”

அவள் காத்திருந்தாள். பிறகு அவளே துண்டை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தாள். வால்வு கொண்டுவந்த பெட்டி சுவர் ஓரத்தில் போர்வையோடு அப்படியே இருந்தது. அதில் ஒரு வயர்கூட இல்லை.

“மாத்தவே இல்லம்மா,” என்றார். “ரெண்டு தடவையும் பழசுதான் ஓடிச்சு. பிடுங்கினேன், அதுலயே திருப்பிச் சொருகினேன்.”

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. “எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?”

“பெட்டி வந்த அன்னிலேருந்து நான் ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. சரி, நீ சொல்லு, அப்படியே பண்ணிடலாம்னு இருந்தேன். நேத்து அந்த மிஷின் போனதும் ஒரு யோசனை வந்துச்சு. நம்ம காத நம்பித்தானே அது போச்சு, உன் காதையாவது நம்பலாமான்னு ஒரு தடவை பாத்துடலாமேன்னு.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம்?”

“எல்லாம் இப்படித்தான்.”

“ஸ்பீக்கர் மாத்தினப்ப?”

“அப்பவும்.”

“அந்த வெள்ளி வயரு? உன் பேச்சக் கேட்டுத்தானே அத வாங்கினேன்.”

“வயருல என்னங்க கேக்கும்? வயரு வயரு மாதிரிதான் இருந்துச்சு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது, மூக்கால் காற்று போனது, அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

“வாரம் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்கறவ நானு. படுக்கறதுக்கு இருக்கறது ஒரு ஞாயித்துக்கிழமை. அதுலயும் கண்ணக் கட்டி உக்கார வச்சீங்கன்னா நான் என்னத்தக் கேக்கறது? மொதப் பாட்டுதான் நல்லா இருக்குன்னு சொன்னா உங்க மொகம் போற போக்கப் பாக்க முடியாது. அதான் சொன்னேன். நீங்க சந்தோஷமாத்தானே இருந்தீங்க?”

“சந்தோஷமாத்தான் இருந்தேன்,” என்றார். அவர் குரலில் சண்டை இல்லை. “என் காது போச்சும்மா.”

அவள் இத்தனை நாள் சுமந்துகொண்டு திரிந்ததை அவர் தண்ணீர் கேட்பதுபோல் சொல்லிவிட்டார்.

“அந்த பேரிங் கத்தியிருக்கு. பக்கத்துல நின்னவங்க எல்லாருக்கும் கேட்டிருக்கு. எனக்குத்தான் கேக்கல. கிரீஸ் மேல பழியப் போட்டேன். உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பேருந்து?”

“குக்கர் கருகினதுலேருந்து.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிங்க சொல்றது? உங்களுக்கே தெரிஞ்சிருக்குல்ல, நீங்க என்கிட்ட சொன்னீங்களா?”

தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அவர் எழுந்து சுவர் ஓரத்துப் பெட்டியைத் தூக்கி வந்தார்.

“இந்த ஒரு தடவை நெஜமாக் கேட்டுச் சொல்லு. எனக்காகச் சொல்லாத. உனக்கு என்ன கேக்குதோ அதச் சொல்லு. துண்டெல்லாம் வேணாம்.”

அவளுக்குப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் உட்கார்ந்தாள்.

பழைய பெட்டியில் பாட்டைப் போட்டார். இத்தனை வருஷம் கேட்ட பாட்டு, இன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது. முதலில் ஒன்றுமே இல்லை, வெறும் அமைதி. அப்புறம் பாடுகிறவள் மூச்சு இழுக்கிறாள். அதற்கப்புறம்தான் குரல்.

“பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவ மூச்சு இழுக்கறா,” என்றாள். “அது எப்பவும் இருக்கா?”

“எப்பவும் இருந்துச்சு,” என்றார் அவர். “ரொம்ப நல்ல எடம் அது.”

வயரை மாற்றினார். புதிய பெட்டியில் சின்னச் சின்ன விளக்குகள் மெல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வந்தன. பாட்டைப் போட்டார். குரல் நன்றாகத்தான் இருந்தது, வால்வு சொன்னதுபோல் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. ஆனால் அந்த மூச்சைக் காணோம். அது இருந்த இடத்தில் வேறு ஏதோ சத்தம். பாட்டு முடிந்த பிறகும் அது நிற்கவில்லை.

இதைச் சொன்னால் அவர் போய்ச் சோதித்துப் பார்ப்பார், அவருக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரிந்தது. ரெண்டும் ஒண்ணுதாங்க என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“ஸ்ஸ்னு ஒரு சத்தம் வருதுங்க.”

“பாட்டோடயா?”

“பாட்டு இல்லாதப்பவும் வருது. இப்பவும் வந்துக்கிட்டுதான் இருக்கு. இஸ்திரி மிஷின் மூடி சரியா உக்காரலைன்னா ஓரத்துல ஆவி வரும் பாருங்க, அது மாதிரி.”

அவர் வலது ஸ்பீக்கர் முன்னால் மண்டி போட்டார். காதை அதன் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஆலையில் மிஷினிடமும் இப்படித்தான் போய் நிற்பாராக இருக்கும். வெகுநேரம் அப்படியே இருந்தார். கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த இரைச்சல் இப்போது நன்றாகவே கேட்டது. அவர் மறு காதைத் திருப்பி வைத்துப் பார்த்தார். எழுந்து போய் இடது ஸ்பீக்கரிலும் வைத்துப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணுமே கேக்கல,” என்றார். “இருக்கா?”

“இருக்குங்க.”

“இப்பவும்?”

“இப்பவும் இருக்குங்க.”

அவர் தலையாட்டினார். பெட்டியை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து வால்வைக் கூப்பிட்டார்.

“வந்து பெட்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுப்பா. வேணாம். இரையுது.”

“இரையுதா?” வால்வின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “ஏதாவது ஒரு வால்வு போயிருக்கும், மாத்திக் குடுத்துடறேன். உங்க காதுக்கு அதெல்லாம் உடனே தெரிஞ்சிடுமே அண்ணே.”

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்க்கவில்லை.

“எனக்குக் கேக்கலப்பா,” என்றார். “அவளுக்குக் கேக்குது.”